கர்தினாலின் மாளிகையும் மக்களின் உரிமையும்
போர்கேசே கலைக்கூடப் புனரமைப்புப் பற்றிய ஒரு நோக்கு

பழைய கட்டிடமொன்று புனரமைக்கப்படும்பொழுது, அது தன் பழைய நிலைக்கு மீட்கப்படுகின்றது என்று கூறுவது வழக்கம். ஆயின் ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் நிலைத்த ஒரு மாளிகைக்குப் பழைய நிலைகள் பல உண்டு. அவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுத்து ஏனையவற்றை நீக்குவது கட்டிடக்கலை நுட்பத்தால் மட்டும் தீர்மானிக்கப்படுவதன்று. வரலாறு பற்றிய ஒரு தீர்ப்பும் அதனுள் அடங்கியுள்ளது. றோம் நகரிலுள்ள போர்கேசே கலைக்கூடத்தின் வரலாறு இவ்வுண்மையைத் தெளிவாக உணர்த்துகின்றது.

பாப்பரசர் ஐந்தாம் பவுல் 1605இல் பதவியேற்றதும் தம் சகோதரியின் மகன் சிப்பியோனேயைக் கர்தினாலாக்கினார். பாப்பரசின் வருவாய் இக்குடும்பத்தின் கைகளுக்குட் பாய்ந்தது. றோமைச் சூழ்ந்த சமவெளியிலே பெரும் பண்ணை நிலங்கள் வாங்கிக் குவிக்கப்பட்டன. அச்செல்வத்தைக் கொண்டு பிளாமினியோ பொன்சியோவும், 1613இல் அவர் இறந்தபின் வசான்சியோவும் இம்மாளிகையை அமைத்தனர். இது வாழ்வதற்கான இல்லமாக அமையவில்லை. சேகரிப்பைக் காட்டி விருந்தினரை வியக்கவைத்தற்கான அரங்காகவே அமைந்தது.

சேகரிப்புத் திரண்ட முறையும் கவனத்திற்குரியது. 1607இல் கவலியர் தார்ப்பீனோ என்னும் ஓவியர் சட்டவிரோதமாகத் துப்பாக்கிகள் வைத்திருந்தாரெனக் குற்றஞ்சாட்டப்பட்டு, அவரிடமிருந்த நூற்றுக்கு மேற்பட்ட ஓவியங்கள் பறிமுதலாயின. கரவாஜ்ஜோவின் இளமைக்கால ஓவியங்கள் சில கர்தினாலை அடைந்தது இவ்வழியிலேயே. அடுத்த ஆண்டு பெருஜியா நகரத் தேவாலயத்திலிருந்த றபேலின் ஓவியமொன்று இரவோடிரவாக அகற்றப்பட்டு றோமுக்குக் கொண்டுவரப்பட்டது. அரச அதிகாரமும் குடும்பச் சொத்தும் வேறுபிரியாதிருந்த ஒரு சமூக அமைப்பிலே கலைரசனை என்பது எவ்வாறு செயற்பட்டது என்பதற்கு இவை சான்றுகளாம். பேர்னினியின் 'அப்பலோவும் தாப்னேயும்' என்ற சிற்பம் (1622–25) இம்மாளிகைக்கென்றே உருவானது. அதன் இலைகளினதும் வேர்களினதும் நுண்செதுக்கலிலே கியுலியானோ பினெல்லி என்னும் உதவிச் சிற்பியின் பங்கு பெரிதென்பர். புகழோ பட்டறையின் தலைவருக்கும் புரவலருக்குமே உரியதாயிற்று.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நான்காம் மார்க்கன்தோனியோ போர்கேசே, அந்தோனியோ அஸ்புறுச்சியைக் கொண்டு உள்மண்டபங்களைப் புதுக்கினார். மண்டபத்தின் நடுவே நிற்கும் சிலைக்கு ஏற்ப அதன் விதானமும் சுவரும் அலங்கரிக்கப்பட்டன. ஆயினும் 1807இல் அவர் மகன் கமில்லோ தம் மைத்துனரான நெப்போலியனுக்கு நூற்றுக்கணக்கான தொல்சிற்பங்களை விற்றார். அவை பாரிசின் லூவருக்குச் சென்றன. எஞ்சிய அலங்காரம் இல்லாத சிலைகளைச் சுட்டி நின்றது. இவ்விடைவெளிகள் பின்னர் வேறு சிற்பங்களால் நிரப்பப்பட்டன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே முரண்பாடு கூர்மையடைந்தது. ஒன்றிணைந்த இத்தாலியின் தலைநகரான றோமில் நிலமும் வீடும் ஊகவணிகப் பண்டங்களாயின. நெடுங்காலமாக மக்கள் உலாவிவந்த போர்கேசேப் பூங்காவின் வாயில்களை இளவரசர் அடைத்தபொழுது, நகரசபை வழக்காடியது. 1887இல் இத்தாலியின் உச்ச நீதிமன்றம் அப்பூங்காவில் உலாவும் உரிமை றோம் மக்களுக்கு உண்டெனத் தீர்ப்பளித்தது. ஊகவணிகத்தின் வீழ்ச்சியோடு 1891அளவில் போர்கேசே குடும்பமும் நொடிந்தது. 1899இல் தித்சியானின் ஓவியமொன்றுக்கு மட்டும் றொத்சைல்ட் தரப்பினர் 40 இலட்சம் லீரா தர முன்வந்தனர். மாளிகையும் அதன் கலைப்பொருள்கள் அனைத்தும் மதிக்கப்பட்ட தொகையோ 36 இலட்சம் லீரா. ஒரு பகுதியின் விலை முழுமையின் மதிப்பினை விஞ்சிய இந்நிலை, பரிவர்த்தனைப் பெறுமதியின் தருக்கத்தை அப்பட்டமாக்குகின்றது. 1902இல் இத்தாலிய அரசு மாளிகையையும் சேகரிப்பையும் வாங்கியது. அடுத்த ஆண்டு பூங்கா நகரசபைக்குரியதாயிற்று. இதனை அரசின் தயாளமாக மட்டும் காண்பது தவறு. மக்கள் வழக்கத்தாலும் வழக்காடலாலும் நிலைநாட்டப்பட்ட உரிமை அதற்கு முன்னரே அங்கிருந்தது.

1980களில் கட்டிடத்தின் உறுதி ஐயத்துக்குள்ளானது. நீண்ட திருத்தவேலை தொடங்கியது; கலைக்கூடம் 1997 ஜூன் மாதத்திலேயே முழுமையாக மீளத் திறக்கப்பட்டது. அதுவரை ஓவியங்கள் தைபர் நதிக்கரையிலுள்ள சான் மிக்கேல் கட்டிடத் தொகுதியிற் காட்சிக்கிருந்தன. அநாதைகளும் முதிய வறியவர்களும் அடைக்கலம் பெற்ற, இளங்குற்றவாளிகள் சிறைவைக்கப்பட்ட இடம் அது. கர்தினாலின் ஓவியங்கள் வறியோர் விடுதியிலே தஞ்சம் புகுந்தமை வரலாற்றின் முரண்நகையாகும்.

இப்புனரமைப்பிலே முகப்பு அதன் பழைய வெண்ணிறத் தோற்றத்தைப் பெற்றது. பின்னாளில் மாற்றப்பட்டிருந்த இரட்டைப் படிக்கட்டு பதினேழாம் நூற்றாண்டு வடிவில் மீளக் கட்டப்பட்டது. உள்ளேயோ அஸ்புறுச்சியின் அலங்காரம் பேணப்பட்டது. எனவே புறத்தே கர்தினாலின் காலமும் அகத்தே அவர் வழித்தோன்றலின் காலமும் மீட்கப்பட்டன. இரண்டும் உடைமையாளரின் காலங்களே என்பது மனங்கொள்ளத்தக்கது. 1887ஆம் ஆண்டின் உரிமைக்கு ஒரு படிக்கட்டோ விதானமோ இல்லை. கல்லிலும் சாந்திலும் மீட்கக்கூடிய வடிவம் அதற்கில்லை.

இதனால், இத்தகைய மாளிகைகளைப் பேணுதல் வீண் என்ற முடிவுக்கு நாம் வரவேண்டியதில்லை. அத்தகைய வரட்டு வாதம், பினெல்லி போன்றோரின் உழைப்பையும் சேர்த்தே புறக்கணிப்பதாகும். உழைப்பின் விளைவு உழைத்தோரின் வழியினர்க்கு உரியதாவதற்குப் பேணுதல் முதற்படியாகும். ஆயின் அது முதற்படி மட்டுமே. முன்பதிவும் இரண்டு மணிநேர வரையறையும் கொண்ட நுழைவுமுறை ஓவியங்களைக் காக்கின்றது. அவ்வரையறைக்குள் வருவோர் யாவர், வராதோர் யாவர் என்ற வினாவையும் அது எழுப்புகின்றது. சாந்து பூசுவோரால் தீர்க்கமுடியாத வினா இது. ஓவியத்தின் அருகே அதனை வரைந்தவரின் பெயரோடு, அது பறிக்கப்பட்ட வரலாறும், வாயில் திறக்கப்பட்ட வரலாறும் ஒரே அழுத்தத்துடன் எழுதப்படும்பொழுதே புனரமைப்பு நிறைவுபெற்றது எனலாம்.