மிக்சியில் மசாலா வாடை போகலையா? அடுப்படி பொருளே போதும்!

காரைக்குடி:
செட்டிநாட்டு சமையலுக்கு உயிரே வறுத்து அரைக்கிற மசாலாதான். மிளகு, சோம்பு, கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ எல்லாம் சேர்த்து அரைத்தால் தெருவே மணக்கும். ஆனால் அந்த மணம் மிக்சி ஜாரை விட்டு லேசில் போகாது. காலையில் கோழிக்கு மசாலா அரைத்த ஜாரில் சாயங்காலம் பால் பணியாரத்துக்கு மாவு அரைத்தால், பணியாரமும் கோழிக் குழம்பு வாசம் அடிக்கும்.

இதற்காக காசு கொடுத்து லிக்விட் வாங்க வேண்டியதில்லை. எலுமிச்சை, கல் உப்பு, பச்சரிசி, சமையல் சோடா இருந்தால் போதும். ஆனால் எதை எங்கே போடக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மிக்சி போவதோடு உயிருக்கும் ஆபத்து.

அம்மி போய் மிக்சி வந்தது

நம்ம ஊர் மசாலாவை அரைக்கிற அளவுக்கு பலமான 'சுமீத்' மிக்சியை, சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற இன்ஜினியர் 1960-களில் கொண்டு வந்தார். 2011-ல் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி திட்டத்தை தொடங்கிய பிறகு குடிசை வீடுகளிலும் மிக்சி ஓடியது. சட்னி, பொடி, ஜூஸ் என்று ஒரே மெஷின் பல வேலை செய்கிறது. அத்தனை அழுக்கும் அதில்தான் சேர்கிறது.

முதலில் பிளக்கை கழற்றுங்க

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கை உருவிய பிறகுதான் துணியை எடுக்க வேண்டும். மோட்டார் உள்ள அடிப்பாகத்தை குழாயில் காட்டவே கூடாது. உள்ளே தண்ணி இறங்கினால் ஷாக் அடிக்கும், காயிலும் எரியும். நன்றாக பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுக்கலாம். காற்றுப் போகிற ஓட்டைகளில் சேரும் மாவுத் தூசியை பழைய டூத் பிரஷ்ஷால் தட்டி விட வேண்டும். அந்த ஓட்டை அடைத்தால் மோட்டார் சூடாகும்.

எண்ணெய் பிசுக்குக்கு பச்சரிசி

ஒரு கைப்பிடி பச்சரிசியை ஈரமில்லாத ஜாரில் போட்டு ஓட்டினால், ஒட்டியிருக்கும் மசாலாவையும் எண்ணெயையும் அரிசி மாவு இழுத்துக்கொள்ளும். மசாலா அரைத்த கையோடு செய்தால் அந்த மாவு வீணில்லை, மீன் வறுவலுக்கு ஆகும். எவர்சில்வர் ஜாரில் கல் உப்பையும் இப்படி ஓட்டலாம். ஆனால் உடனே கழுவி விட வேண்டும். உப்பு தங்கினால் எவர்சில்வரிலும் பொடிப் பொடியாக குழி விழும்.

வாடைக்கு எலுமிச்சை

பிழிந்த எலுமிச்சைத் தோல் பாதி, ஜாரில் கால் பங்கு தண்ணி. மூடி போட்டு அரை நிமிஷம் ஓட்டி, 5 நிமிஷம் விட்டு கழுவினால் பூண்டு, வெங்காய வாடை குறையும். கொதிக்கிற தண்ணி ஊற்றி ஓட்டாதீங்க. ஆவி மூடியை தள்ளி முகத்தில் அடிக்கும்.

சோடாவையும் வினிகரையும் ஒன்றாக கொட்டினால் நுரை பொங்கும். ஒன்றின் வேலையை மற்றது கெடுத்து விடும், பலன் குறைவுதான். வினிகர், எலுமிச்சையோடு பிளீச்சிங் பவுடர் மட்டும் சேரவே கூடாது. குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.

மஞ்சள் கறைக்கு வெயில்

பிளாஸ்டிக் ஜாரில் மஞ்சள் கறையை சோப்பு போட்டு தேய்த்தால் சிவப்பாக மாறும். பயப்பட வேண்டாம், அது மஞ்சளின் குணம். மஞ்சள் நிறம் எண்ணெயில் கரையும். அதனால் முதலில் தேங்காய் எண்ணெய் தொட்டு துடைத்து, பிறகு கழுவி, வெயிலில் வைத்தால் கறை மங்கும். நம்ம பக்கம் வெயிலுக்கா பஞ்சம்? சாம்பல், கம்பி நார் போட்டால் கீறல் விழுந்து ஜார் மங்கிப் போகும்.

யாரும் பார்க்காத இடம்

மூடியில் இருக்கும் ரப்பர் வாஷரை கழற்றிப் பார்த்தால் தெரியும் சங்கதி. பழைய சட்னி அங்கேதான் ஒளிந்திருக்கும். தேங்காய் சீக்கிரம் ஊசிப் போகிற பொருள். அடுத்த நாள் அரைக்கிற சட்னியும் அதனால் கெடும், வயிற்றுக்கும் வம்பு. வாஷரை தினமும் கழற்றி கழுவி காய வைக்க வேண்டும்.

பிளேடுக்கு அடியில் சோடாவை குழைத்து பிரஷ்ஷால் தேய்க்கலாம், விரலை விடக் கூடாது. அலுமினிய பாகத்தில் மட்டும் சோடா படாமல் பார்த்துக்கொள்ளுங்க, கறுத்து விடும். புளி, எலுமிச்சையையும் அதில் ஊற வைக்க வேண்டாம், அரித்து விடும். இப்படி உலோகம் அரிப்பதை ஆராய்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகமான 'சிக்ரி' 1953 முதல் காரைக்குடியில்தான் இயங்கி வருகிறது.

கழுவிய ஜாரை உடனே மூடி வைக்காமல் கவிழ்த்து காய விட வேண்டும். ஜாருக்கு அடியில் தண்ணி கசிந்தாலோ, கருகிய வாடை வந்தாலோ அதற்கு மேல் ஓட்ட வேண்டாம். கசிகிற தண்ணி நேராக மோட்டாருக்குத்தான் இறங்கும். அதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது, மெக்கானிக்கிடம் காட்டுவதுதான் வழி.