பைக் எஞ்சின் கவரில் வெள்ளைக் கோடுகள்: ஆசிட் போடலாமா, பாலிஷ் போடலாமா?

புனேயில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. அது ஓய்ந்தபின் பைக்கைத் துடைத்தால், எஞ்சின் கவரின் ஓரத்தில் புழு ஊர்ந்த தடம்போல வெள்ளைக் கோடுகள் தெரியலாம். ஷாம்பு போட்டுத் தேய்த்தாலும் போகாது.

பல்சர் உருவாகும் சாக்கன் ஆலை இருப்பது இந்த ஊருக்குப் பக்கத்தில்தான். நானா பேட் கடைத்தெருவில் உதிரி பாகங்களுக்கும் பஞ்சமில்லை. ஆனால் பழைய மாடலுக்கு ஒரிஜினல் கவர் கிடைப்பது சுலபமில்லை. அதனால் இருப்பதைக் கெடுக்காமல் மீட்பதுதான் லாபம்.

கோடுகள் எப்படி வருகின்றன?

அலுமினியத்தில் காற்று பட்டதுமே மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகும். அது உலோகத்தைக் காக்கும், ஆனால் பளபளப்பை மங்கச் செய்யும். அதனால்தான் பாலிஷ் செய்த கவர்களுக்கு மேலே பல நிறுவனங்கள் கிளியர் லாக்கர் அடிக்கின்றன. கல் தெறித்து லாக்கர் கீறினால் ஈரமும் உப்பும் உள்ளே நுழைந்து, அடியிலேயே அரித்துக்கொண்டு போகும். சென்னை, தூத்துக்குடி மாதிரி உப்புக்காற்று வீசும் ஊர்களில் இது இன்னும் வேகம்.

ஆசிட், காஸ்டிக் சோடா?

வேண்டவே வேண்டாம். "ஒரு நிமிஷத்துல வெள்ளையாயிடும்" என்பார்கள். ஆகும்தான், கூடவே உலோகமும் கரையும். காஸ்டிக் சோடா பட்டால் அலுமினியம் கறுத்துக் குழிவிழும். வெளியேறும் ஹைட்ரஜன் தீப்பற்றக்கூடியது.

சரியான வழி என்ன?

ஆயிலை வடித்துவிட்டு கவரைக் கழற்ற வேண்டும். போல்ட்டுகள் ஒரே நீளத்தில் இருக்காது. அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்திலேயே குத்தி வைத்தால் குழப்பம் வராது. பெயின்ட் ரிமூவரால் லாக்கரை எடுத்தபின், 400-ல் தொடங்கி 600, 800, 1000 என வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். பிறகு பஃபிங், கடைசியில் மெட்டல் பாலிஷ். கேஸ்கெட் உட்காரும் முகத்தில் பேப்பர் படவே கூடாது. பட்டால் ஆயில் கசியும்.

உண்மையான ஆபத்து மணல்தான். பிளாஸ்டிங் செய்யக் கொடுத்தால், ஆயில் போகும் துளைகளில் துகள் சிக்கிக்கொள்ளும். ஒரு சிட்டிகை உள்ளே போனாலே பேரிங் காலி. பளபளப்புக்கு ஆசைப்பட்டு எஞ்சினையே இழப்பது இப்படித்தான். துளைகளை முதலில் அடைத்து, முடிந்ததும் சோப்புத் தண்ணீரில் கழுவி, கம்ப்ரஸர் காற்றால் ஒவ்வொரு துளையையும் ஊத வேண்டும்.

பவுடர் கோட்டிங்?

உழைக்கும், ஆனால் கண்ணாடிப் பளபளப்பு வராது. சுமார் 180 முதல் 200 டிகிரி செல்சியஸில் சுடுவார்கள் என்பதால் ஆயில் சீல், ஆயில் பார்க்கும் கண்ணாடி எல்லாவற்றையும் முன்பே கழற்ற வேண்டும். அனோடைசிங் இதற்குத் தோதில்லை. வார்ப்பு அலுமினியத்தில் சிலிக்கான் அதிகம், திட்டுத்திட்டாகச் சாம்பல் நிறம்தான் மிஞ்சும்.

மாட்டும்போது புது கேஸ்கெட் போட்டு, போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஆயில் நிரப்பி ஐந்து நிமிடம் ஓடவிட்டு, கவரின் விளிம்பில் கசிவு இருக்கிறதா என்று பார்த்தபின் வண்டியை எடுங்கள்.