துறவியர் நகரின் மதுக்கூடங்கள்

ஜெர்மனியின் தென்பகுதியான பவேரியாவின் தலைநகர் மியூனிக். அந்நகரின் இலச்சினையில், பொன் விளிம்பிட்ட கறுப்பு அங்கி அணிந்த துறவி ஒருவரின் உருவம் இருக்கிறது. ஊரின் பெயரே ‘துறவியர் இருக்குமிடம்’ என்று பொருள்படும் பழஞ்சொல்லினின்று பிறந்ததாகும். 1158ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள், பேரரசர் பிரெடெரிக் பார்பரோசா வழங்கிய தீர்ப்பாவணம் ஒன்றில் அப்பெயர் முதன்முதலாக எழுத்தில் காணப்படுகிறது. ஆனால் இன்று மியூனிக் என்றவுடன் உலகத்தார் நினைவுக்கு வருவது துறவியர் அல்லர், பீர் மதுவே. இவ்விரண்டுக்கும் இடையே எண்ணூறு ஆண்டுகால உறவு உண்டு.

மதுவைப் பற்றி ஒரு குரு எழுதலாமா என்று வாசகர் சிலர் புருவம் உயர்த்தக்கூடும். குடியினால் சிதைந்த குடும்பங்களின் கண்ணீரை அடிக்கடி காண்பவன் நான். குடிக்குப் பரிந்துபேச இதனை எழுதவில்லை. வரலாறு கற்பிக்கும் உண்மையொன்றைச் சொல்லவே விழைகிறேன். ஒரு கிண்ணம் மனிதரை ஒன்றுகூட்டும். அவ்வாறு கூடியவர்கள் நல்ல அயலாராய் வீடு திரும்புவார்களா, வெறிகொண்ட கும்பலாய் எழுவார்களா என்பதைக் கிண்ணம் முடிவு செய்வதில்லை. மியூனிக்கின் நான்கு பகுதிகளில் நடந்துசென்றால் இது விளங்கும்.

முதற் பகுதி: நொய்ஹௌசர் தெரு

பழைய நகரின் நடுவே ஓடும் இத்தெருவில் 1294ஆம் ஆண்டு அகுஸ்தீனார் சபைத் துறவியர் மடம் அமைத்தனர். அங்கே பீர் தயாரிக்கப்பட்டது பற்றிய குறிப்பு 1328ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்பர். பார்லியை முளைக்கவைத்து உலர்த்தி, நீரிலிட்டுக் கொதிக்கவைத்து, ஹாப்ஸ் என்னும் பூவின் கசப்பைச் சேர்த்துப் புளிக்கவிடும் தொழில் இது. துறவியர் இதில் ஈடுபட்டதற்குக் காரணங்கள் இருந்தன. காணிக்கையாகவும் குத்தகையாகவும் தானியம் அவர்களிடம் வந்து சேர்ந்தது. வழிப்போக்கரையும் திருப்பயணிகளையும் உபசரிப்பது அவர்தம் கடமையாயிருந்தது. தம் கைகளால் உழைத்து உண்பதும் துறவறத்தின் ஒழுங்காகும்.

மேலைத் துறவறத்தின் தந்தை எனப் போற்றப்பெறும் புனித ஆசீர்வாதப்பர், தம் சபை ஒழுங்கில் பானத்தின் அளவுக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். திராட்சை மது துறவியர்க்கு உரியதன்று என்பதை அவர் அறிவார். தம் காலத்துத் துறவியர் அதனை ஏற்கமாட்டார் என்பதையும் அறிவார். ஆகவே ஒரு நாளைக்கு இவ்வளவு என்று சிறு அளவொன்றை வகுத்து, மதி மயங்கும் எல்லையைத் தொடாதிருக்கக் கற்பிக்கிறார். ‘அளவு’ என்னும் இச்சொல்லை நினைவிற் கொள்வோம்.

துறவியர் வகுத்த அளவு மடத்துக்குள் நின்றது. ஊருக்கு அளவு வகுத்தவர்கள் அரசர்கள். 1487ஆம் ஆண்டு மியூனிக் நகருக்கும், 1516ஆம் ஆண்டு ஏப்ரல் 23 அன்று பவேரியா முழுமைக்கும் பீர் பற்றிய ஆணைகள் பிறந்தன. பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் ஆகிய மூன்றைத் தவிர வேறெதையும் சேர்க்கலாகாது என்று 1516ஆம் ஆண்டின் ஆணை விதித்தது. பீரின் தூய்மை பற்றியே இன்று பலரும் பேசுவர். ஆயினும் ஆணையின் பெரும்பகுதி விலையைப் பற்றியது. மிக்கேல் அதிதூதர் திருநாள் முதல் புனித ஜார்ஜ் திருநாள் வரை ஒரு படி பீர் ஒரு பெனிக்; மற்ற மாதங்களில் இரண்டு பெனிக்கிற்கு மேற்படக்கூடாது. கோதுமை அப்பத்திற்கென மிஞ்சவேண்டும் என்பதும் நோக்கங்களில் ஒன்று என்பர் வரலாற்றாசிரியர். ஏழையின் அப்பமும் பானமும் வணிகரின் பேராசைக்கு இரையாகாதபடி காத்த ஆணை அது. ஆனால் 1602இல் கோதுமை பீர் தயாரிக்கும் தனியுரிமையைப் பவேரியக் கோமகன் மாக்சிமிலியன் தமக்கே வைத்துக்கொண்டார். சட்டம் வகுத்த குலமே விலக்கும் பெற்ற கதை எந்நாட்டிற்கும் புதிதன்று.

1803ஆம் ஆண்டு பவேரிய அரசு மடங்களைக் கலைத்து உடைமைகளைக் கைப்பற்றியபோது அகுஸ்தீனார் மடமும் மறைந்தது. அவர்கள் செபித்த கோவிலில் இன்று வேட்டை, மீன்பிடிப்பு அருங்காட்சியகம் நடக்கிறது. பீர்த் தொழிலோ அகுஸ்தீனார் பெயருடனேயே தனியார் கைக்கு மாறி, 1829இல் வாக்னர் குடும்பத்தாரை அடைந்தது. 1845இல் கணவரை இழந்த தெரெசா வாக்னர் என்னும் பெண்மணி, 1858இல் தாம் இறக்கும்வரை அதனைத் திறம்பட நடத்தினார். அக்குடும்பத்தின் வழிவந்த எடித் ஹாபர்லாந்து-வாக்னர் 1996இல் காலமானபோது, தம் பங்கை அறக்கட்டளை ஒன்றுக்கு எழுதிவைத்தார். நிறுவனத்தின் பெரும்பங்கு இன்றும் அந்த அறக்கட்டளையிடமே இருக்கிறது.

இரண்டாம் பகுதி: ஆவ்

ஈசார் ஆற்றைக் கடந்து கிழக்கே சென்றால் தாழ்நிலத்தில் ஆவ் என்னும் பகுதி. நகர மதிலுக்குள் இடம் கிடைக்காத கூலியாட்களும் கைவினைஞரும் சிறுகுடில்களில் வாழ்ந்த இடம் இது. இங்கே 1627ஆம் ஆண்டு பவோலா நகர் புனித பிரான்சிஸின் மினிம் சபையார் வந்து குடியேறினர். ‘மிகச் சிறியோர்’ என்பது அச்சபைப் பெயரின் பொருள். கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்னும் மூன்று வார்த்தைப்பாடுகளோடு, வாழ்நாள் முழுதும் தவக்காலம் அனுசரிப்பதாக நான்காவதொரு வார்த்தைப்பாட்டையும் அவர்கள் கொடுப்பர். இறைச்சி மட்டுமன்று, முட்டை, பால், வெண்ணெய், பாலாடைக்கட்டியும் விலக்கு. ஆண்டு முழுவதும் சுத்தபோசனம்! பானம் ஒருசந்தியை முறிக்காது என்பது அக்காலத்துக் கொள்கை. எனவே அவர்கள் தயாரித்த கெட்டியான பீர், அவர்களுக்கு நீராய் அமைந்த அப்பமாயிற்று.

மிஞ்சியதைப் பிறருக்குக் கொடுத்தனர். பின்னர் விற்கவும் செய்தனர். 1634ஆம் ஆண்டு நகரத்துப் பீர் தயாரிப்பாளர்கள், துறவியரின் போட்டி தம் பிழைப்பைக் கெடுக்கிறது என்று முறையிட்டு விண்ணப்பம் எழுதினர். பௌலானர் என்று பின்னாளில் உலகறிந்த அந்தப் பீர் வரலாற்றில் முதன்முதலில் இடம்பெறுவது இந்தப் புகார்க் கடிதத்தில்தான். மடத்தின் கலயத்திற்கும் குடும்பத்தானின் பிழைப்பிற்கும் இடையே எழுந்த அவ்வழக்கு நியாயமற்றதன்று; பக்தியின் பெயரால் நடப்பதெல்லாம் அயலாருக்கு இதமாயிருக்கும் என்று சொல்வதற்கில்லை. 1780ஆம் ஆண்டிலேதான் பொதுமக்களுக்கு விற்கும் முழு அனுமதி துறவியர்க்குக் கிடைத்தது. அடுத்த பத்தொன்பது ஆண்டுகளில், 1799இல், மடம் கலைக்கப்பட்டது. அவர்களது கட்டடம் பின்னாளில் சிறைச்சாலையாயிற்று.

‘சால்வாத்தோர்’, அதாவது மீட்பர், என்னும் பெயரால் அவர்களது தவக்காலப் பீர் இன்றும் விற்பனையாகிறது. ஆண்டுதோறும் தவக்காலத்தில் அருகிலுள்ள நொக்ஹர்பெர்க் குன்றின் மண்டபத்தில் அரசியல்வாதிகளைக் கூட்டிவைத்து, அவர்கள் முகத்துக்கு நேராகவே நையாண்டி செய்யும் ‘தவக்கால மறையுரை’ நடைபெறுகிறது. மறையுரையின் வடிவம் எஞ்சியிருக்கிறது. மனந்திரும்புதல் எஞ்சியிருக்கிறதா என்பது வேறு வினா.

மூன்றாம் பகுதி: ஹைட்ஹௌசன்

ஆவ் பகுதிக்கு வடக்கே, ஆற்றங்கரை மேட்டில் அமைந்தது ஹைட்ஹௌசன். 1539ஆம் ஆண்டு முதல் கோடையில் பீர் காய்ச்சுவது தடைசெய்யப்பட்டிருந்தது. வெப்பத்தில் பீர் கெடும். அடுப்பு நெருப்பு ஊரை எரிக்கும். ஆகவே குளிர்காலத்தில் தயாரித்ததைக் கோடைவரை காக்கவேண்டியதாயிற்று. நகரில் தோண்டினால் விரைவில் நீர் ஊறும். மேட்டு நிலத்திலோ ஆழ்ந்த நிலவறைகளைக் குடையலாம். அவ்வாறு குடைந்து, குளிர்காலப் பனிக்கட்டியை நிரப்பி, மேலே நிழலுக்காகச் செஸ்ட்நட் மரங்களை நட்டனர். மக்கள் அம்மர நிழலிலேயே அமர்ந்து அருந்தத் தொடங்கினர். நகரத்துச் சாப்பாட்டுக் கடைக்காரர்கள் முறையிட்டனர். 1812ஆம் ஆண்டு ஜனவரி 4 அன்று மன்னர் மாக்சிமிலியன் ஜோசப் இரு சாராருக்கும் பொதுவாகத் தீர்ப்பளித்தார்: நிலவறையருகே பீர் விற்கலாம், ஆனால் ரொட்டியைத் தவிர வேறு உணவு விற்கக்கூடாது.

விளைவு அழகானது. மக்கள் வீட்டிலிருந்தே உணவுப் பொதி கட்டிவந்து, நீண்ட பலகைகளில் முன்பின் அறியாதவர்களோடு தோள் உரச அமர்ந்து உண்டனர். அந்த உரிமை இன்றும் பவேரியாவின் பீர்த் தோட்டங்களில் நிலைத்திருக்கிறது. 1999ஆம் ஆண்டின் அரசு விதியும் அதனை உறுதிசெய்தது. காசு மிகுந்தவனும் குறைந்தவனும் ஒரே பலகையில் அமரும் வாய்ப்பை ஒரு சிறு சட்டம் ஈட்டித் தந்தது.

அதே மேட்டில்தான் இருள் நிறைந்த பக்கமும் எழுதப்பட்டது. 1920ஆம் ஆண்டு பிப்ரவரி 24 அன்று, பழைய நகரின் ஹோஃப்பிராய்ஹௌஸ் பீர் மண்டபத்தில் இட்லர் தம் கட்சியின் 25 அம்சத் திட்டத்தை அறிவித்திருந்தார். 1923 நவம்பர் 8 இரவு, ஹைட்ஹௌசனில் இருந்த பூர்கர்பிராய்கெல்லர் என்னும் பெரிய பீர் மண்டபத்துள் ஆயுதந்தாங்கிய ஆட்களுடன் புகுந்து, கூரையை நோக்கிச் சுட்டுக் கலகத்தைத் தொடங்கினார். மறுநாள் நகர நடுவில் நான்கு காவலரும் கலகக்காரர் பலரும் மாண்டனர். அயலாரைக் கூட்டிய பலகைகளே வெறுப்பைக் கற்கும் பள்ளிக்கூடமாயின.

ஆனால் அதே மண்டபத்தில், அதே 1923ஆம் ஆண்டில், வேறொரு குரலும் ஒலித்தது. கத்தோலிக்கன் ஒருவன் தேசிய சோசலிஸ்டாக இருக்க முடியுமா என்னும் பொருளில் நடந்த கூட்டமொன்றில், சேசு சபைக் குருவானவர் ரூப்பர்ட் மேயர் பேச எழுந்தார். முதல் உலகப் போரில் வீரர்களின் ஆன்ம குருவாய்ப் பணியாற்றி இடக்காலை இழந்தவர் அவர். முதலில் மக்கள் கைதட்டினர். முடியவே முடியாது என்பதுதான் தம் விடை என்று அவர் தெளிவாகச் சொன்னதும் கைதட்டல் கூச்சலாக மாறியது. அவரை மேலே பேசவிடவில்லை. ஒற்றைக்காலில் நின்ற அம்மனிதரின் சொல்லை அந்த இரவில் கேட்க மனமிருந்தோர் சிலரே.

அதே மண்டபத்தில் 1939 நவம்பர் 8 அன்று, தச்சுத் தொழிலாளி கியோர்க் எல்சர் பல இரவுகள் ஒளிந்திருந்து தூணுக்குள் பொருத்திய வெடிகுண்டு வெடித்தது. 13 நிமிடங்களுக்கு முன்பே இட்லர் வெளியேறிவிட்டார். மாண்டோர் எண்மர்; அவருள் பணிப்பெண் ஒருவரும் உண்டு. எல்சர் 1945 ஏப்ரலில் டாக்கவ் முகாமில் கொல்லப்பட்டார். அவர் தேர்ந்த வழியைப் பற்றி அறநெறியாளர் வாதிடலாம். குற்றமற்ற ஒரு பெண்ணின் சாவு அவ்வாதத்தை எளிதில் முடியவிடாது. 1979ஆம் ஆண்டு மண்டபம் இடிக்கப்பட்டது.

நான்காம் பகுதி: கீசிங்

ஆவ் பகுதிக்குத் தெற்கே, மேட்டின்மேல், திருச்சிலுவைக் கோவிலின் உயர்ந்த கோபுரம் தோன்றும் இடம் கீசிங். ஆவ், ஹைட்ஹௌசன் ஆகியவற்றோடு 1854இல் மியூனிக் நகருடன் இணைந்த உழைப்பாளர் பகுதி இது. மியூனிக்கின் பெரிய பீர் நிறுவனங்களுள் ஸ்பாட்டன், லோவன்பிராய் போன்றவை இன்று பன்னாட்டு நிறுவனத்தின் உடைமைகள். இந்நிலையில் 2006ஆம் ஆண்டு கீசிங்கில் ஒரு வண்டிக்கொட்டகையில் சிறு பீர்த் தொழில் ஒன்று தொடங்கியது. அதனை வளர்க்க ஊரார் பலர் தம் சேமிப்பிலிருந்து சிறு தொகைகளை ஈந்தனர். 2014இல் அது திருச்சிலுவைக் கோவிலுக்கு அருகே இடம்பெயர்ந்தது. நகர எல்லைக்குள் எடுத்த நீரால் தயாரித்ததற்கே ‘மியூனிக் பீர்’ என்னும் பெயர் உரியது. ஆகவே 2020ஆம் ஆண்டு நகரின் வடபகுதியில் சொந்த ஆழ்கிணற்றோடு இரண்டாவது ஆலையையும் அது திறந்தது.

கைத்தொழிலாய்ச் சிறிய அளவில் பீர் தயாரிக்கும் இவ்வியக்கம் உலகின் பல நகரங்களிலும் பரவியிருக்கிறது. புதுமை என்று அதனைப் புகழ்வோர் உண்டு. மியூனிக்கைப் பொறுத்தவரை அது பழமைக்குத் திரும்புதலே. இந்த ஊர்த் தண்ணீர், இந்த ஊர்க் கைகள், இந்த ஊர்ப் பலகை என்னும் எண்ணத்தை மடங்கள் அறிந்திருந்தன. வண்டிக்கொட்டகையில் தொடங்கியதும் ஒருநாள் பெருநிறுவனமாகி அளவை மறக்கக்கூடும். அதையும் வரலாறு கண்டிருக்கிறது.

மீண்டும் நொய்ஹௌசர் தெரு

நம் நடையைத் தொடங்கிய தெருவிலேயே முடிப்போம். அகுஸ்தீனார் பெயர் தாங்கிய பீர் மண்டபம் இருக்கும் அதே தெருவில் பூர்கர்சால் என்னும் சிறுகோவில் உண்டு. அதன் கீழ்த்தளத்தில் அருட்தந்தை ரூப்பர்ட் மேயர் துயில்கிறார். 1937இல் கைதாகி, சாக்சன்ஹௌசன் முகாமிலும், பின்னர் எட்டால் மடத்தில் காவலிலும் துன்புற்று, போர் முடிந்தபின் மியூனிக் திரும்பினார். 1945 நவம்பர் முதல் நாள், சகல புனிதர் திருநாளில், திருப்பலி நிறைவேற்றுகையில் சாய்ந்து உயிர்நீத்தார். 1987 மே 3 அன்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அந்நகருக்கே வந்து அவருக்கு முத்திப்பேறு பட்டம் வழங்கினார். இன்றும் தெருவில் செல்வோர் கல்லறைக்குள் நுழைந்து சிறிது நேரம் முழந்தாளிட்டுச் செல்வர்.

அத்தந்தை பீர் மண்டபத்தை வெறுத்து ஒதுக்கவில்லை. மக்கள் அங்கே கூடினர் என்பதால் அங்கே சென்றார். சென்ற இடத்தில் அவர்கள் விரும்பியதைச் சொல்லாமல் உண்மையைச் சொன்னார். துறவியர் குடிக்கு வகுத்த அளவை நாம் எளிதில் புரிந்துகொள்கிறோம். கூட்டத்தின் கைதட்டலுக்கும் ஓர் அளவு உண்டு என்பதையும், அதற்குமேல் அருந்தினால் அதுவும் மதியை மயக்கும் என்பதையும் ஒற்றைக்காலில் நின்ற அந்தக் குரு அறிந்திருந்தார். தேநீர்க் கடைப் பலகையானாலும், திருமணப் பந்தியானாலும், பங்குப் பேரவையானாலும், நாம் கூடும் இடத்தில் அயலாருக்கு எதிராக ஒரு சொல் எழும்போது, ‘முடியாது’ என்று சொல்ல நம்முள் ஒருவர் எழுவாரா?