டிப்ளமோ படித்தவர் பிஎம்பி தேர்வு எழுதலாமா? விண்ணப்பம் முதல் தேர்வு அறை வரை... முழு விளக்கம்!

காரைக்கால் மாவட்டம் வரிச்சிக்குடியில் இருக்கிறது காரைக்கால் பாலிடெக்னிக் கல்லூரி. கொஞ்ச தூரம் தள்ளி, திருவேட்டக்குடியில் என்ஐடி புதுச்சேரி. ஒன்றில் மூன்று வருட டிப்ளமோ, இன்னொன்றில் நான்கு வருட பி.டெக். படிப்பு வேறாக இருந்தாலும், சென்னையிலோ துபாயிலோ தோஹாவிலோ இந்த இரண்டு தரப்பும் ஒரே சைட்டில் வேலை பார்ப்பது சகஜம். ஆனால் வேலை விளம்பரத்தில் 'பிஎம்பி சான்றிதழ் இருந்தால் முன்னுரிமை' என்று போட்டிருந்தால், டிப்ளமோக்காரர் மட்டும் "அது டிகிரி படிச்சவங்களுக்கு" என்று ஒதுங்கிக்கொள்கிறார்.

அப்படி ஒரு விதியே கிடையாது. டிப்ளமோ முடித்தவரும் எழுதலாம். அவரிடம் கூடுதலாகக் கேட்பது அனுபவ மாதங்கள் மட்டும்தான். அதைக் கணக்குப் போடுவதிலும், எழுதிக் காட்டுவதிலும்தான் பலரும் கோட்டை விடுறாங்க. அதனால் இந்தக் கட்டுரையில் படிப்பதைவிட விண்ணப்பத்துக்கே அதிக இடம்.

பிஎம்பி என்றால் என்ன?

ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் புரொஃபஷனல் என்பதன் சுருக்கம். 1969-ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிடியூட் (பிஎம்ஐ) இதை 1984 முதல் வழங்கி வருகிறது. இது அரசுத் தேர்வு இல்லை, டிகிரியும் இல்லை. கட்டுமானம், ஐடி, எண்ணெய் நிறுவனம், மருத்துவமனை என எந்தத் துறையாக இருந்தாலும் ஒரே தேர்வுதான்.

எது ப்ராஜெக்ட் என்பதில் ஒரு தெளிவு வேண்டும். காரைக்கால் துறைமுகத்தில் தினமும் நிலக்கரி இறக்குவது ப்ராஜெக்ட் ஆகாது. அது அன்றாட வேலை. அங்கேயே கப்பல் நிற்க புதிதாக ஒரு தளம் கட்டினால், அது ப்ராஜெக்ட். தொடக்கம், முடிவு, தனக்கென ஒரு பட்ஜெட், கடைசியில் கையில் நிற்கும் ஒரு பொருள் அல்லது சேவை. இது நான்கும் இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் எழுதப் போகும் அனுபவம் இந்த வகையாகத்தான் இருக்கணும்.

யார் விண்ணப்பிக்கலாம்? (2024 நிலவரப்படி)

நான்கு வருட டிகிரி முடித்தவருக்கு 36 மாத ப்ராஜெக்ட் அனுபவம் போதும். பிளஸ் டூ அல்லது டிப்ளமோ முடித்தவருக்கு 60 மாதம். இரண்டுமே விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 8 ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும். இதோடு 35 மணி நேர ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் பயிற்சியும் கட்டாயம்.

60 மாதம் என்பது கேட்க எளிது. எண்ணும்போதுதான் சிக்கல் தெரியும். ஒரே மாதத்தில் இரண்டு ப்ராஜெக்ட் பார்த்திருந்தாலும் அது ஒரு மாதம்தான். வேலை இல்லாமல் ஊரில் இருந்த மாதங்கள் சேராது.

ஒரு உதாரணம். டிப்ளமோ முடித்த ஒருவர் 2017 ஜனவரி முதல் 2019 ஜூன் வரை அபுதாபியில் ஒரு கட்டட சைட்டில் இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். 30 மாதம். பிறகு ஊருக்குத் திரும்பினார், கொரோனா வந்தது, ப்ராஜெக்ட் வேலை எதுவும் இல்லை. மீண்டும் 2021 ஜனவரி முதல் 2023 ஜூன் வரை ஊர்ப்பக்கமே ஒரு பைப்லைன் வேலை. இன்னொரு 30. கூட்டினால் சரியாக 60 வருகிறது. அவர் 2024 டிசம்பரில் விண்ணப்பித்தால் தகுதி உண்டு. 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று 2025 ஜூனுக்குத் தள்ளினால், 2017-ன் முதல் ஐந்து மாதங்கள் 8 ஆண்டுக்கு வெளியே போய்விடும். மிச்சம் 55. அதே ஆள், அதே அனுபவம், ஆனால் தகுதி இல்லை! வெளிநாட்டு வேலைக்கு நடுவே இடைவெளி விழுந்தவர்கள் இதை இப்போதே ஒரு பேப்பரில் போட்டுப் பார்ப்பது நல்லது.

'மேனேஜர்' என்ற பதவி இருக்கணுமா?

வேண்டாம். சைட் இன்ஜினியராக, ஃபோர்மேனாக, டீம் லீடாக இருந்திருக்கலாம். ப்ராஜெக்ட்டின் ஏதாவது ஒரு பகுதியை நீங்கள் முன்நின்று நடத்தியிருக்க வேண்டும், அவ்வளவுதான். அதை எப்படி எழுதுகிறீர்கள் என்பதில் எல்லாம் இருக்கிறது.

"சைட் சூப்பர்வைசராக வேலை பார்த்தேன். ஆள் கணக்கு எடுத்தேன். கான்கிரீட் செக் பண்ணினேன்." நம்ம ஆட்கள் பெரும்பாலும் இப்படித்தான் பயோடேட்டா எழுதுவார்கள். இதில் வேலை தெரிகிறது, ப்ராஜெக்ட் தெரியவில்லை. அதே மனிதர் இப்படியும் எழுதலாம்: "14 மாதத்தில் முடிக்க வேண்டிய நான்கு மாடிக் குடியிருப்பில் அடித்தள வேலைக்கு நான் பொறுப்பு. வாராந்திர அட்டவணை போட்டேன், மூன்று சப்-கான்ட்ராக்டர்களை ஒருங்கிணைத்தேன், மழையால் தாமதம் வரும் என்று முன்பே கணித்து மாற்று ஏற்பாடு செய்தேன், வாடிக்கையாளரிடம் வேலையை ஒப்படைத்தேன்." இரண்டாவதில் பொய் எதுவும் சேர்க்கவில்லை. திட்டமிடல், செயல்படுத்தல், கண்காணிப்பு, ஒப்படைப்பு என்று அவர் செய்ததையே முழுசாகச் சொன்னதுதான் வித்தியாசம். இப்படி ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் ஆங்கிலத்தில் எழுத வேண்டும்.

பொய் எழுதினால் என்ன ஆகும்? விண்ணப்பங்களில் சிலவற்றை பிஎம்ஐ தணிக்கைக்கு எடுக்கும். யாருடையது சிக்கும் என்று முன்கூட்டியே தெரியாது. சிக்கினால் 90 நாட்களுக்குள் படிப்புச் சான்று, பயிற்சிச் சான்று, ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் அப்போதைய மேலதிகாரியோ வாடிக்கையாளரோ தரும் உறுதிமொழி எல்லாம் கொடுக்க வேண்டும். பழைய கம்பெனி மூடியிருக்கலாம், மேலதிகாரி வேறு நாட்டுக்குப் போயிருக்கலாம். எனவே விண்ணப்பிக்கும் முன்பே அவர்களின் மெயில் முகவரியைத் தேடிப் பிடித்து, "இப்படி ஒரு விஷயத்துக்குக் கேட்பாங்க சார்" என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிடுங்கள்.

இனிஷியல் பிரச்சினை

தமிழ்நாடு, புதுச்சேரிக்காரர்களுக்கே உரிய தலைவலி இது. மார்க்‌ஷீட்டில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசியில் சேர்ந்து இன்னொரு பெயர். தேர்வு நாளில் காட்டும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் விண்ணப்பத்தில் உள்ள பெயரும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே கணக்கைத் தொடங்குவதுதான் பாதுகாப்பு.

35 மணி நேரப் பயிற்சி

நேரடி வகுப்பாக இருக்கணும் என்று கட்டாயம் இல்லை. முடிவில் ஒரு மதிப்பீடு வைக்கும் ஆன்லைன் வகுப்பும் செல்லும். நீங்களாகப் புத்தகம் படித்த நேரம் செல்லாது. சான்றிதழில் 35 மணி நேரம் என்று தெளிவாகப் போட்டிருக்கிறதா என்பதைப் பணம் கட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

தேர்வு எப்படி இருக்கும்?

2021 ஜனவரியில் வந்த பாடத்திட்டப்படி 180 கேள்விகள், 230 நிமிடம். ஒரு கேள்விக்கு 77 வினாடிதான். 60-வது, 120-வது கேள்விக்குப் பிறகு பத்துப் பத்து நிமிட இடைவேளை உண்டு. இடைவேளைக்குப் பிறகு முந்தைய கேள்விகளுக்குத் திரும்ப முடியாது. தப்பான விடைக்கு மதிப்பெண் குறையாது, எனவே எதையும் விடாமல் எழுதலாம். அதே பாடத்திட்டப்படி 42% மனிதர்களைக் கையாள்வது, 50% செயல்முறை, 8% வணிகச் சூழல். அதில் கேள்விகளில் பாதி அளவு அஜைல் மற்றும் கலப்பு முறையைச் சேர்ந்தவை. கட்டுமானத் துறைக்காரர்களுக்குப் புதுசாக இருப்பது இந்த அஜைல் பகுதிதான், அதற்குக் கூடுதல் வாரங்கள் ஒதுக்க வேண்டும்.

மொழி? தேர்வை ஆங்கிலம் தவிர பிரெஞ்சு, அரபி உள்ளிட்ட சில மொழிகளின் உதவியோடு எழுத முடியும். தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலில், பிரெஞ்சு தெரிந்த தாத்தா எழுதலாம், தமிழ் மட்டும் தெரிந்த பேரன் எழுத முடியாது!

மனப்பாடம் செய்தால் பாஸாக முடியாது

பெரும்பாலான கேள்விகள் ஒரு சூழ்நிலையைச் சொல்லி 'முதலில் என்ன செய்வீர்கள்?' என்று கேட்கும். இப்படி ஒன்று வரலாம்: சிமென்ட் லோடு இரண்டு நாள் தாமதம் என்று சப்ளையர் சொல்கிறார், வாடிக்கையாளர் கோபமாக போன் செய்கிறார். மேலதிகாரியிடம் முறையிடலாம், சப்ளையரை மாற்றலாம், கூடுதல் ஆள் போடலாம், இல்லை தாமதம் அட்டவணையை எங்கே பாதிக்கிறது என்று டீமோடு உட்கார்ந்து பார்க்கலாம். நம்ம சைட்டில் முதலில் சப்ளையருக்கு நாலு திட்டு விழும். தேர்வு எதிர்பார்ப்பது கடைசி விடை. முதலில் பாதிப்பை ஆராய்வது, டீமோடு பேசுவது, பிறகுதான் நடவடிக்கை. மேலதிகாரியிடம் கொண்டுபோவது பெரும்பாலும் கடைசி வழி. 15 வருட அனுபவம் உள்ளவர்கள் தோற்பதும் இதில்தான். அவர்கள் நிஜத்தில் செய்ததை டிக் அடிக்கிறார்கள்.

கணக்கு குறைவு. ஆனால் ஒன்றைப் புரிந்துகொண்டால் போதும். 10 நாளில் 5 லட்சத்தில் கட்ட வேண்டிய சுற்றுச்சுவர். ஐந்து நாள் முடிவில் பாதி, அதாவது 2.5 லட்சத்துக்கான வேலை முடிந்திருக்கணும். முடிந்தது 40%, அதன் மதிப்பு 2 லட்சம். செலவானது 2.4 லட்சம். 2-ஐ 2.4-ஆல் வகுத்தால் 0.83; ஒரு ரூபாய் செலவுக்கு 83 பைசா வேலை. 2-ஐ 2.5-ஆல் வகுத்தால் 0.8, வேகம் 80%. இதே போக்கில் போனால் 5 லட்சத்துச் சுவர் 6 லட்சத்தில் முடியும். 'ஏர்ன்ட் வேல்யூ' என்று பயமுறுத்தும் பகுதி அடிப்படையில் இவ்வளவுதான்.

வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவருக்கு தினமும் ஒன்றரை மணி நேரம் வீதம் மூன்று மாதம் நியாயமான கணக்கு. கடைசி மாதம் முழுக்க மாதிரித் தேர்வுகள். அதில் இரண்டு, மூன்று முறையாவது நான்கு மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்து எழுதிப் பழகுங்க.

வீட்டிலா, தேர்வு மையத்திலா?

இரண்டும் உண்டு. வீட்டில் எழுதினால் தனி அறை, வெப்கேம், நிலையான இணையம் வேண்டும். நடுவில் யாராவது கதவைத் திறந்து "சாப்பிட வர்றியா" என்று கேட்டாலே தேர்வு ரத்தாகலாம். டெல்டா கரையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, புயல், மின்வெட்டு வேறு. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது இந்தப் பக்கம் கரண்ட் எப்படி இருந்தது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அந்த மாதங்களில் எழுதுவதாக இருந்தால், முதல் நாளே ரயில் பிடித்து சென்னையில் மையத்தில் எழுதுவதே மேல்.

'தேர்வு எழுதாமலே சான்றிதழ்' என்று வரும் மெசேஜ்

வாட்ஸ்ஆப்பில் சுற்றும் இந்த வலையில் விழ வேண்டாம். ஒருவர் சான்றிதழ் வைத்திருக்கிறாரா என்பதை பிஎம்ஐ இணையதளத்தில் பெயரைப் போட்டே வேலை கொடுப்பவர் பார்த்துவிடலாம். ஆள்மாறாட்டம் தெரிந்தால் சான்றிதழ் பறிபோகும்.

அனுபவ மாதம் இன்னும் சேராதவர்களுக்கு சிஏபிஎம் என்ற ஆரம்ப நிலைத் தேர்வு இருக்கிறது. அதற்கு அனுபவம் கேட்பதில்லை, 23 மணி நேரப் பயிற்சி போதும். அதை முடித்து வைத்திருந்தால் பின்னாளில் பிஎம்பிக்கு அந்த 35 மணி நேரம் தனியாகத் தேவைப்படாது. பாலிடெக்னிக் கடைசி வருடத்தில் இருப்பவர்கள் இதை யோசிக்கலாம்.

பிஎம்பி விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் ஒரு வருட அவகாசம், அதற்குள் மூன்று முறை எழுதலாம். ஒவ்வொரு முறையும் கட்டணம் உண்டு. பிஎம்ஐ உறுப்பினர்களுக்குத் தேர்வுக் கட்டணம் குறைவு, சந்தாவையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்து முடிவெடுங்கள். பாஸான பிறகு மூன்று வருடத்துக்கு ஒருமுறை 60 பயிற்சிப் புள்ளிகள் காட்டிப் புதுப்பிக்க வேண்டும்.