தங்கவயலில் பாறைக்கு வைத்த காது



செங்கல்பட்டுப் பக்கம் கல்குவாரியில் வெடி வைத்தால் நம் வீட்டு அலமாரிப் பாத்திரம் கிணுகிணுக்கும். கோலார் தங்கவயலில் வெடி வைக்காமலே வீடுகள் அதிரும். அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம். தோண்டிய இடத்தைச் சுற்றி அழுத்தம் ஏறிப் பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். அதற்கடியில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். வட ஆர்க்காட்டிலிருந்து போன குடும்பங்கள் ஏராளம்.

1965-இல் கௌரிபிதனூரில் அதிர்வுக் கருவிகளை வரிசையாக நிறுவினார்கள், வெளிநாட்டு அணுகுண்டுச் சோதனைகளை அறிவதற்காக. நம் கல்பாக்கத்தை உருவாக்கிய அதே அணுசக்தித் துறைதான். நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த தங்கவயல் பாறை வெடிப்புகளும் அதில் பதிவாயின! 1970-களின் இறுதியில் தங்கவயலிலேயே, தரைமேலும் சுரங்கத்துக்குள்ளும் ஜியோபோன்கள் பொருத்தினார்கள். ஓர் அதிர்வு ஒவ்வொரு கருவிக்கும் எந்தக் கணத்தில் வந்தது என்று ஒப்பிட்டால், மேலே உட்கார்ந்தபடியே வெடித்த இடத்தைக் கணக்கிடலாம். (மின்னலுக்கும் இடிக்கும் நடுவே வகுப்பில் எண்ணுவோமே, அதற்கு அண்ணன் இந்தக் கணக்கு.)

எங்கே வெடித்தது என்று கருவி சொன்னது. அடுத்தது எப்போது என்று உறுதியாகச் சொல்ல அதனால் முடியவில்லை. அது தெரிந்தும் ஆட்கள் இறங்கினார்கள்.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள். உள்ளே தண்ணீர் ஏறிய பிறகும், ஆளில்லாத அந்த ஆழத்தில் பாறை வெடிப்பது பதிவாகிக்கொண்டிருந்தது.