கள்ளு: கிள்ளான் பள்ளத்தாக்கில் அதன் சுவையும் தொடுகறியும்

கள்ளு, தென்னம்பாளையைச் சீவி வடியவிட்ட சாறு தானாகவே புளித்து உண்டாகும் மது. யாழ்ப்பாணத்தார் பழகிய பனங்கள்ளுக்கு மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் மரமில்லை. கிள்ளான் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் தமிழர் குடித்தது தென்னங்கள்ளே. புதுச் சாற்றில் நூற்றுக்கு 12 முதல் 15 பங்குவரை சர்க்கரை இருக்கும். கலயத்தில் ஒட்டியிருக்கும் ஈஸ்ட்டும் லாக்டிக் பாக்டீரியாவும் உடனே வேலையைத் தொடங்கிவிடும். காலையில் இறக்கியது சில மணி நேரத்தில் நுரைத்து, இனிப்போடு இளம்புளிப்பும் ஏறி நிற்கும். அன்றைக்குள் ஆல்கஹால் 4 முதல் 6 விழுக்காட்டை எட்டும். அதன்பின் காடியாகத் தொடங்கும். ஸ்பெயினின் ரியோஹா வட்டாரச் சிவப்பு ஒயின் 'ரெசர்வா' என்ற பெயரைப் பெற மூன்றாண்டு முதிர வேண்டும், அதில் ஓராண்டாவது ஓக் பீப்பாயில் கிடக்க வேண்டும். கள்ளின் வயதோ மணிக்கணக்கு. ஆகவே கள்ளு புளிக்கும், நாறும் என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்பவர் எந்த நேரத்துக் கள்ளைக் குடித்தார் என்று முதலில் கேட்க வேண்டும்.

உணவோடு சேர்த்துப் பார்த்தால் கள்ளின் தகுதி தெளிவாகும். ரியோஹா ஒயினில் டானின் என்னும் துவர்ப்புப் பொருளும் 13, 14 விழுக்காடு ஆல்கஹாலும் உண்டு. அந்த ஊரில் அதைச் சுட்ட ஆட்டு விலாவோடு குடிக்கிறார்கள். கொழுப்பும் புரதமும் துவர்ப்பை மழுங்கடிக்கின்றன. அதே ஒயினைக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டில் ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்கோ நண்டு மசாலாவுக்கோ பக்கத்தில் வைத்தால் கதை மாறிவிடும். மிளகாயின் காரம் நாக்கில் சூட்டை உணரும் நரம்பைத் தூண்டுகிறது. ஆல்கஹாலும் அதே நரம்பைத்தான் தூண்டுகிறது. துவர்ப்பு வாயை மேலும் வறட்டுகிறது. கள்ளில் ஆல்கஹால் குறைவு, துவர்ப்பு இல்லை என்றே சொல்லலாம், மிச்சமிருக்கும் சர்க்கரை எரிச்சலைத் தணிக்கிறது, புளிப்பு தேங்காய்ப்பாலின் கனத்தை அறுக்கிறது. கிள்ளானில் பெயர்பெற்ற உணவான பக்குத்தே இதையே மறுபக்கத்திலிருந்து காட்டுகிறது. பன்றி விலா வேகும் அந்த மூலிகைக் குழம்பில் கொழுப்பு அதிகம், காரம் இல்லை. சீனர்கள் அதற்குத் துணையாக வைப்பது துவர்ப்பேறிய தேநீர். சிவப்பு ஒயினுக்குக் கிள்ளானில் இடம் தேடுபவர் அந்த மேசைக்குப் போகலாம்.

நுரையும் புளிப்பும் காரத்தைக் கூட்டும் அல்லவா என்று மறுக்கலாம். ஓரளவு கூட்டும், அதனால்தான் இனிப்பு முழுதும் கரைந்துபோன மாலைக் கள்ளைவிட இளங்கள்ளே காரக் கறிக்குப் பொருத்தம். தொழிலாளி சுவைக்காகக் குடிக்கவில்லை, மலிவு என்பதால் குடித்தான் என்பது இதைவிட வலுவான மறுப்பு. மலிவு உண்மைதான். ஆனால் அவன் ஏன் குடித்தான் என்பதற்குத்தான் அது விடை. கருவாடும் காரவறுவலும் அந்தக் குடிக்கு ஏன் ஒத்துப்போயின என்பதற்கு விடையாகாது.

வரலாறு எழுப்பும் மறுப்பை இவ்வளவு எளிதாகக் கடக்க முடியாது. 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கத்தை ஒழித்தல் ஆகிய கோரிக்கைகளோடு தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடுவதையும் கேட்டார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய ஆர்.எச்.நாதன் மே மாதம் கைதாகி நாடு கடத்தப்பட்டார். படை இறங்கியது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. போருக்குப் பின் கெடாவில் தோட்டத் தமிழரின் 'தொண்டர் படை' என்ற அமைப்பும் கள்ளுக்கடை மறியலில் இறங்கியது. குடியால் நொடித்த குடும்பங்களைக் கண்டவர்கள் எழுப்பிய கோரிக்கையைச் சுவை பேசி ஒதுக்குவது அநியாயம். ஆயினும் அவர்கள் எதிர்த்தது, கொடுத்த கூலியைத் தோட்ட எல்லைக்குள்ளேயே திரும்ப வாங்கிக்கொண்ட ஓர் ஏற்பாட்டை. அந்தக் குற்றச்சாட்டு கடைக்குப் பொருந்தும். கலயத்தில் இருந்ததன் சுவையை அது அளக்கவில்லை. கள்ளைவிடப் பல மடங்கு கடுமையான சம்சு என்னும் சாராயம் பிறகு தோட்டப்புறங்களில் செய்த கேட்டைப் பார்த்தால், மென்மையான குடி எதுவென்ற கேள்வியும் எழுகிறது.

இன்று வறுவல் தட்டின் பக்கத்தில் கள்ளு இருந்த இடத்தைப் பெரும்பாலும் பீரும் ஸ்டவுட்டும் பிடித்துக்கொண்டன. அவற்றைக் காய்ச்சும் பெரிய ஆலைகள் சுங்கைவேயிலும் ஷா ஆலமிலும், இதே பள்ளத்தாக்கில்தான் உள்ளன. ஆல்கஹால் அளவிலும் நுரையிலும் அவை கள்ளுக்கு நெருக்கம். ஆனால் இளங்கள்ளில் இனிப்பு இருந்த இடத்தில் இவற்றில் கசப்பு இருக்கிறது. காரக் கறிக்கு அது அரைப் பொருத்தம்தான்.