தருவைகுளத்தில் ஒரு பாண்டிச்சேரிப் பெயர்

பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த நான், ஓய்வுக்குப் பின் தூத்துக்குடியில் மகன் வீட்டில் இருக்கிறேன். போன மார்கழியில் பறவை பார்க்கும் நண்பர்கள் என்னைத் தருவைகுளம் உப்பளப் பக்கம் அழைத்துப் போனார்கள். அவர்கள் பூநாரைகளைப் பார்க்க, நானோ சேற்றில் ஓடுவதும் நிற்பதுமாக இருந்த ஒரு சாம்பல் நிறக் குருவியைப் பார்த்தேன்.

உப்புக்கொத்தி இனமாம். கூடவே மேயும் அதன் தம்பியைவிட அலகும் காலும் நீளம். மத்திய ஆசியாவில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு இங்கே வருமாம். புத்தகத்தில் அறிவியல் பெயரைப் பார்த்ததும் திடுக்கிட்டேன். லெஷனோ!

1816இல் பாண்டிச்சேரி வந்து செடிகொடிகள் சேகரித்த பிரெஞ்சு தாவரவியலாளர் அவர். பாண்டிச்சேரியில் கிடைத்த இந்தப் பறவைக்கு, 1826இல் லெசோன் என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் அவர் பெயரைச் சூட்டினார். அதே வருஷம் லெஷனோ காலமானார். தம் பெயரில் ஒரு பறவை இருப்பதை அறிந்திருப்பாரோ, என்னவோ.

அந்தக் கடற்கரையில் வளர்ந்தும் நான் அதைக் கண்டதில்லை. ஆபீஸ் கோப்பிலேயே கண் போயிற்று. எழுபது தாண்டி, இங்கு வந்துதான் எங்கள் ஊர்ப் பறவை அறிமுகமானது. பங்குனிக்குள் இன்னொரு தரம் போக வேண்டும். அதற்குப் பிறகு அது ஊர் திரும்பிவிடும்.